சுற்றுச்சூழல் மன்றத்தில் யாரைப் பேச வைப்பது?

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் எச்.எம். கையில் ஒரு தாள் இருக்கும். எந்த மன்றத்துக்கு எந்த ஆசிரியர் பொறுப்பு என்ற பட்டியல். அறிவியல் டீச்சர் என்றால் சுற்றுச்சூழல் மன்றம் கேட்காமலே நம் பெயருக்கு நேரே வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்கு அப்படி வந்து ஆறு வருடம் ஆகிறது. திருப்பூருக்கும் சென்னிமலைக்கும் நடுவில் இருக்கிற ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. எட்டும் ஒன்பதும் சேர்த்து எழுபது பிள்ளைகள். மாதம் இரண்டு பீரியட் என்று பேர். அதில் ஒன்று எப்படியும் ஏதாவது கூட்டத்தில் போய்விடும்.

மிஞ்சுகிற நாற்பது நிமிடத்தில் யாரைப் பேச வைப்பது? வெளியிலிருந்து ஒருவரை வரவழைத்து பிபிடி போட்டுப் பேசச் சொல்லலாம். ஹைடெக் லேபில் வீடியோ ஓட்டலாம். நாமே மேசை மேல் ஒரு சோதனை செய்து காட்டலாம். பிள்ளைகளையே முன்னால் வந்து பேசச் சொல்லலாம். பஸ்ஸும் அனுமதியும் கிடைத்தால் எங்காவது கூட்டிப் போகலாம். எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன், சிலதில் நன்றாகவே சொதப்பியும் இருக்கிறேன். இந்த வருடம் புதிதாக மன்றப் பொறுப்பை வாங்கிக்கொண்டு முழிக்கிற ஆசிரியர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

விருந்தினரை அழைப்பதில் நமக்கு வேலை குறைவு. ஒரு போன், ஒரு சால்வை, டீ, பிஸ்கட். அவர் பென் டிரைவோடு வந்துவிடுவார். போட்டோ எடுத்து அறிக்கையும் அனுப்பிவிடலாம். முதல் வருடம் நான் செய்தது இதுதான். வந்தவர் நல்ல மனிதர், விஷயம் தெரிந்தவர். அமேசான் காடு, ஆர்க்டிக் பனி, டெல்லிப் புகை எல்லாம் ஓடி, கடைசியில் நொய்யல் வந்தது. வெள்ளியங்கிரி மலைப் பக்கம் பிறந்து கோவை, திருப்பூரைத் தாண்டி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் போய்ச் சேருகிற ஆறு. அதைச் சாயப்பட்டறைக்காரர்கள் கொன்றுவிட்டார்கள் என்றார். திரையில் செக்கச்செவேல் என்று தண்ணீர். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவள் அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை. அவளுக்கு மட்டுமா? அந்த வகுப்பில் பாதி வீடுகளுக்குச் சோறு போடுவது பனியன் கம்பெனியும் பட்டறையும்தான். மறுநாள் வராந்தாவில் வந்து கேட்டாள்: “டீச்சர், எங்கப்பா ஆத்தைக் கொன்னுட்டாருங்களா?”

விருந்தினர் சொன்னதில் பொய் இல்லை. பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் தொட்டியானது எங்கள் ஊரில் எல்லோரும் கண்ணால் பார்த்த சங்கதி. தண்ணீர் வேண்டும் என்று அணை கேட்ட விவசாயிகளே, அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. ஆனால் கதைக்கு இன்னொரு பாதி இருக்கிறது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள், கூடவே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும். கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தினால்தான் திறக்கலாம் என்றானது. அப்புறம் என்ன செலவானது, யாருக்கு வேலை போனது, எந்த இயந்திரம் வந்தது, இன்னும் எது சரியாகவில்லை என்பதெல்லாம் அந்த ஸ்லைடுகளில் இல்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் யாரும் 2011 நடந்தபோது விவரம் தெரிந்து இருந்தவர்கள் இல்லை. அவர்களுக்குத் தெரிந்தது அப்பா இரவு ஷிப்ட் முடிந்து வருவது மட்டும்தான்.

யார் எந்த வீட்டிலிருந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது விருந்தினருக்குத் தெரியாது, தெரிய வழியும் இல்லை. எங்கள் பக்கம் சுற்றுச்சூழல் பேச வருகிறவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல். ஊட்டியில் போய் பிளாஸ்டிக் கூடாது என்று சொல்வது போல இல்லை இது. இங்கே கெடுத்ததும் கெட்டுப்போனதும் ஒரே வீட்டில் இருக்கிறது. தாத்தாவுக்கு ஆற்றங்கரையில் தோட்டம் போயிற்று, அப்பாவுக்கு அதே தண்ணீரை விட்ட பட்டறையில் சம்பளம் வந்தது.

ஸ்லைடு மேல் நம் நாட்டுக்கு ஒரு பழைய நம்பிக்கை உண்டு. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் பள்ளி, கல்லூரிகளில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது பலருக்குத் தெரியும். அதே தீர்ப்பில் சினிமாத் தியேட்டர்கள் ஒவ்வொரு காட்சியிலும் குறைந்தது இரண்டு சுற்றுச்சூழல் ஸ்லைடுகளை இலவசமாகக் காட்ட வேண்டும் என்றும் இருந்தது. இடைவேளையில் போண்டா வாங்கப் போன தலைமுறை நாங்கள். எத்தனை ஸ்லைடு மனதில் நின்றது என்று என்னைக் கேட்காதீர்கள்.

வீடியோவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லேபில் ஏசி இருந்தால் கூட்டம் வரும். நேரில் பார்க்க முடியாததைக் காட்ட மட்டும் அதை வைத்துக்கொள்வது நல்லது. கோவை வெள்ளலூர் குப்பைக் கிடங்கு 2024 ஏப்ரலில் பற்றி எரிந்ததை நேரில் கூட்டிப்போய்க் காட்ட முடியாது, படத்தில் காட்டலாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒரு சின்ன உபாயம்: சத்தத்தை அணைத்துவிட்டு ஓட்டுங்கள், என்ன நடக்கிறது என்று பிள்ளைகளைச் சொல்லச் சொல்லுங்கள். வர்ணனை செய்பவரின் குரல் இருக்கிற வரை ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

சரி, பிள்ளைகளையே பேச வைப்போம் என்று இரண்டாம் வருடம் இறங்கினேன். ஆளுக்கொரு தலைப்பு, ஒரு சார்ட், ஐந்து நிமிடம். அது விருந்தினரைவிட மோசமாகப் போனது. ஓசோன், அமில மழை, புவி வெப்பமாதல் என்று ஊருக்குச் சம்பந்தமில்லாத தலைப்புகள். முக்கால்வாசி சார்ட் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் போட்டு ஒட்டியவை. இரண்டு அம்மாக்கள் ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து பார்டர் வரைந்ததாக அப்புறம் தெரிந்தது. பிளாஸ்டிக் ஒழிப்பைப் பற்றி ஒரு மாடல் வந்தது, முழுக்கத் தெர்மாகோலில். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த பொருள்களின் பட்டியலில் தெர்மாகோல் தட்டும் கப்பும் உண்டு என்பதை அந்த மாடலே பெரிய எழுத்தில் சொல்லிக்கொண்டு நின்றது.

இதில் சிரிப்பதற்கு இல்லாத ஒன்றும் இருந்தது. ஓசோன் சார்ட்டில், “ஓசோனில் ஓட்டை விழுந்ததால் அதன் வழியாக வெயில் உள்ளே வந்து பூமி சூடாகிறது” என்று எழுதியிருந்தது. வருடா வருடம் வரும் தப்பு இது. ஓசோன் படலம் தடுப்பது புற ஊதாக் கதிரை. பூமி சூடாவது, அது வெளியே விடுகிற வெப்பத்தைக் கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் பிடித்து வைத்துக்கொள்வதால். இரண்டும் வேறு வேறு கதை. ஓசோன் கதைக்கு 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தம் என்று ஒரு நல்ல திருப்பமும் இருக்கிறது. உலக நாடுகள் ஒத்துக்கொண்டு ஓசோனை அரிக்கிற வாயுக்களைக் குறைத்தன, படலம் மெல்லத் தேறி வருகிறது. ஆனால் பளபளவென்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதியதை யார் கேள்வி கேட்பார்கள்? சார்ட் கொண்டுவந்தவள் மனப்பாடமாக ஒப்பித்தாள், கை தட்டினோம், உட்கார்ந்தாள். பேசியதும் வழக்கமாகப் பேசுகிற அதே நான்கு பேர்தான்.

ஆகவே மூன்றாம் வருடம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுச் சோதனைக்கு வந்தேன். சில நூறு ரூபாயில் கிடைக்கிற டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கினேன். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் பேனா மாதிரியான கருவி. வீட்டிலிருந்து ஆளுக்கு இரண்டு பாட்டில் கொண்டுவரச் சொன்னேன்: ஒன்று நல்ல தண்ணி, ஒன்று சப்பைத் தண்ணி. எங்கள் பக்கம் ஒரு வீட்டில் இரண்டு தண்ணீர் இருப்பது பிள்ளைகளுக்குச் சொல்லித்தரத் தேவையில்லாத பாடம். குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர் குடிக்க, போர் தண்ணீர் துவைக்க. குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அந்த இரண்டு எண்ணையும் போர்டில் எழுதிவிட்டு மீட்டரைக் கையில் கொடுத்தேன். பின் பெஞ்சும் எழுந்து வந்து நின்றது. அதற்கு முன் நான் பார்க்காத காட்சி.

அடுத்த பீரியடில் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கேசரி பவுடர் ஒரு சிட்டிகை, உப்பு ஒரு சின்ன ஸ்பூன். மீட்டரில் பார்த்தால் ஐயாயிரத்தை ஒட்டி நிற்கும். இதுதான் நம் பட்டறைத் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். மீன் தொட்டிக் கடையில் கிடைக்கிற ஆக்டிவேட்டட் கார்பனை நன்றாகக் கழுவி அதில் போட்டு, அடிக்கடி குலுக்கி, அரை மணி நேரத்துக்கு மேல் ஊறவிட்டு வடிகட்ட வேண்டும். பீரியடுக்குள் முடியாது, காலையிலேயே கலக்கி வைத்துவிடுங்கள். அடுப்புக்கரி போதுமே என்று நினைக்காதீர்கள். அது நிறத்தை அவ்வளவாக இழுக்காது, சாம்பல் கரைந்து மீட்டரை வேறு ஏற்றிவிடும்.

வடிகட்டி வந்த தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. சுத்தமாகிவிட்டதா என்று கேட்டேன். எல்லோரும் ஆமாம் என்றார்கள். மீட்டரை விட்டேன். கிட்டத்தட்ட அதே ஐயாயிரம். “கலரு போயிருச்சு, உப்பு போகலையேங்!” என்று ஒருவன் கத்தினான்.

திருப்பூரின் பல வருடக் கதை அந்த ஒரு வரியில் இருக்கிறது. பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்கு உப்பு வேண்டும். தண்ணீரில் இருக்கிற சாயத்தைத் துணி பக்கம் தள்ளுவது உப்புதான். துணியில் உப்பு தங்குவதில்லை, முழுக்கக் கழிவோடு போகும். தொண்ணூறுகளில் வந்த சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தையும் கசடையும் எடுத்தன, கரைந்த உப்பை எடுக்கவில்லை. அதனால்தான் பிற்பாடு உப்பைப் பிரித்து நிறுத்தும் ஆர்.ஓ. சவ்வும், அதில் மிஞ்சுகிற கடும் உப்புத் தண்ணீரைக் காய்ச்சி ஆவியாக்கும் இயந்திரமும் தேவைப்பட்டன. இதை நான் ஒரு மணி நேரம் விளக்கியிருந்தாலும் இப்படி ஏறியிருக்காது.

குறை இல்லாமல் இல்லை. முப்பத்தைந்து பேருக்கு ஒரு மீட்டர், தள்ளுமுள்ளு. கூடவே மீட்டர் சொல்வதை வேத வாக்காக எடுத்துக்கொள்ளும் ஆபத்தும் இருந்தது. கேன் தண்ணீர் நாற்பது காட்டியதும், “இதுதான் சூப்பர் தண்ணி” என்று ஒருத்தி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். கிருமியோ, பூச்சிமருந்தோ இருந்தால் இந்த மீட்டருக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது கரைந்த உப்புகளின் மொத்த அளவு மட்டும் என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னேன். அதற்குள் ஓர் அம்மா போன் செய்துவிட்டார்: “ஏனுங் டீச்சர், எங்க போர் தண்ணி வெசம்னு சொன்னீங்களாமா?” நான் சொல்லவே இல்லை. கொங்கு நாட்டின் பாறை நிலத்தில் சில கிணறுகள் பட்டறை வருவதற்கு முன்பிருந்தே உப்புதான். மீட்டர் எண்ணை வைத்துக்கொண்டு யார் மேலும் பழி போட முடியாது. தாத்தா சின்னப் பையனாக இருந்தபோது அந்தக் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருந்தது என்று கேட்டு வந்தால்தான் பாதியாவது தெரியும்.

அந்த போனிலிருந்துதான் நான்காம் வருடத்து ஏற்பாடு பிறந்தது. திரும்பவும் பிள்ளைகளே பேசுவார்கள், ஆனால் மூன்று நிபந்தனைகள். அவர்களே அளந்த அல்லது எண்ணிய ஓர் எண் வேண்டும். கையில் தூக்கிக் காட்ட ஒரு பொருள் வேண்டும். வீட்டிலோ பக்கத்திலோ ஒரு பெரியவரிடம் கேட்டு வந்த ஒரு பதில் வேண்டும். சார்ட்டில் மூன்று வரிக்கு மேல் இருக்கக்கூடாது, பிரிண்ட் கூடாது. பேசியவர்களுக்கு மதிப்பெண் இல்லை, கேள்வி கேட்டவர்களுக்குத்தான். கடைசி விதியை எச்.எம். ஒத்துக்கொள்ள ஒரு வாரம் ஆனது.

ஒரு குழு, ஒரு சனிக்கிழமை மாலை மளிகைக்கடை முன்னால் நின்று, பை கொண்டு வருகிறவர்களை எண்ணியது. கடைக்குத் துணிப்பை கொண்டு போகச் சொல்லும் அரசின் மஞ்சப்பைத் திட்டம் தொடங்கியது 2021 டிசம்பரில். எங்கள் ஊர் எண் என்னவென்று இங்கே எழுதினால் கடைக்காரர் கோபித்துக்கொள்வார். இன்னொரு குழு, தெருவில் யார் வீட்டு போர் எத்தனை அடி என்று கேட்டு வந்தது. நான் மறக்காதது கொறங்காட்டை, அதாவது எங்கள் பக்கத்து வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தை, பற்றிப் பேசிய பையனை. இரண்டு வருடமாக வகுப்பில் அவன் குரலை நான் கேட்டதில்லை. கிளுவைக் குச்சி ஒன்றைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தான். அவன் அப்பிச்சிக்கு (அம்மாவின் அப்பா) நான்கு ஏக்கர் கொறங்காடு இருந்ததாம்: சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுவில் வெள்வேல மரங்கள், மேய்வதற்குக் காங்கயம் மாடு. மழை பொய்த்தாலும் மாட்டுக்கு ஏதாவது இருக்கும். இப்போது அதில் பாதி சைட் போட்டாயிற்று. “கிளுவையப் புடுங்கிட்டுக் கம்பி வேலி போட்டாங்க. அப்புறம் கவுதாரி வர்றதில்லீங், ஓணானையும் காணோம்னு அப்பிச்சி சொன்னாரு.” வீட்டில் பேசுகிற பேச்சிலேயே பேசினான். ஏழு கேள்விகள் வந்தன. எழுதி வைத்துப் படிக்கச் சொல்லியிருந்தால் பல்லுயிர்ப் பெருக்கம் என்று ஆரம்பித்து ஒரு நிமிடத்தில் உட்கார்ந்திருப்பான்.

இதற்கு ஆகும் செலவு நேரம். ஒரு சுற்று முடிய மூன்று வாரம் போகும். எட்டாம் வகுப்புக்கு வளரறி மதிப்பீட்டுச் செயல்பாடாகவே கணக்கில் காட்டிவிடலாம், ஒன்பதுக்கு நாம் கொஞ்சம் போராட வேண்டும்.

வெளியே கூட்டிப் போவது என்றால் எங்களுக்குத் தோதான இடங்கள் இரண்டு. ஈரோட்டுக்குப் பக்கத்தில் வெள்ளோடு பறவைகள் சரணாலயம், 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள நீர்நிலைகளின் பட்டியலில், சேர்ந்தது. திருப்பூரை ஒட்டி நஞ்சராயன் குளம், அது 2024-ல். இமயத்தைத் தாண்டிப் பறந்து வரும் வரித்தலை வாத்து நஞ்சராயனில் வந்து இறங்கும். கூகிளில் பார்த்த பறவை ஊர்க் குளத்தில் நிற்கும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் பெற்றோர் கையெழுத்து, மேலிட அனுமதி, பஸ் வாடகை என்று ஒரு மாதம் ஓட வேண்டும். பறவை வருகிற டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. பொங்கல் முடிந்ததும் ஜனவரிக் கடைசியில் போவதுதான் நடக்கிற காரியம். திரும்பி வந்து பேச ஏற்பாடு இல்லையென்றால் அது பிக்னிக். தப்பில்லை, பிக்னிக் என்றே சொல்லிக் கூட்டிப் போங்கள்.

ஒரே ஒரு பீரியட்தான் இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், கேசரி பவுடர் சோதனையைச் செய்யுங்கள். ஒரு மாதம் இருந்தால் சோதனையில் ஆரம்பித்து, மூன்று நிபந்தனைகளோடு பிள்ளைகளைப் பேச விடுங்கள். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தை நம்பி எதையும் திட்டமிட வேண்டாம். பள்ளி திறந்த பரபரப்பில் உறுதிமொழிக்கு மேல் எதுவும் நடக்காது. ஆடிக்காற்று அடங்கும் சமயம் தொடங்கினால் நிதானமாக இருக்கும்.

விருந்தினரை முதலில் கூப்பிடாமல் கடைசியில் கூப்பிடுங்கள். கேட்பதற்குப் பிள்ளைகளிடம் கேள்வி சேர்ந்திருக்கும். போன வருடம் நான் அழைத்தது பெற்றோர்களில் ஒருவரை. பட்டறையில் சுத்திகரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறவர். பிபிடி இல்லை. சாக்பீஸை வாங்கி, சாயத் தொட்டியிலிருந்து ஆர்.ஓ. வரை, அங்கிருந்து காய்ச்சும் கொதிகலன் வரை கோடு போட்டுக் காட்டினார். தண்ணீரில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கிறது, உப்பிலும் ஒரு பகுதியைத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள் என்றார். “திரும்பப் பயன்படுத்த முடியாத உப்பு?” என்று கேள்வி வந்தது. “கலவை உப்பு, கண்ணு. மூட்டை கட்டி ஷெட்டில் அடுக்கி வெச்சிருக்குது.” “அதுக்கப்புறம்?” அவர் கொஞ்ச நேரம் சாக்பீஸை உருட்டிக்கொண்டிருந்தார். “அதுக்கு இன்னும் வழி தேடிட்டுத்தான் இருக்கறாங்க” என்றார். சால்வை போட வந்த எச்.எம். முகம் கொஞ்சம் மாறியது. எனக்கு அந்த வருடத்தின் நல்ல பீரியட் அதுதான்.

கடைசியாக மீட்டரைப் பற்றி ஒன்று. சனிக்கிழமை ஒரு குழுவிடம் கொடுத்தனுப்பினால் திங்கட்கிழமை திரும்பி வரும், செல் தீர்ந்து போய். பையன்கள் ஊரில் ஒரு வீட்டையும் விட்டிருக்க மாட்டார்கள். குழம்பு, மோர், இளநீர் எல்லாவற்றிலும் விட்டுப் பார்த்திருப்பார்கள். பட்டன் செல் நான்கைந்து கூடுதலாக வாங்கி வையுங்கள். கொடுக்கும்போதே, வாய்ப்பக்கத்தைக் கழுவித்தான் மூட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.